தங்கவேலு நின்ற பக்கம்

"கண்ணென்ன பொடனிலயா இருக்குது?"

பல்லடத்து மைதானத்தின் கோட்டோரம் நின்று நான் போட்ட சத்தம் அது. மதில் சுவருக்கு அந்தப்புறம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாத தறிகள். அந்த இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கத்தியது தங்கவேலுவைப் பார்த்து. எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாரத்தின் மற்ற ஆறு நாளும் கணபதியில் என் பட்டறையில் லேத் ஓட்டுபவன். பம்புக்கு ஷாஃப்ட் கடைவது அவன் வேலை. அன்றைக்கு மைதானத்தின் நடுவிலிருந்து அவனுக்கென்று அடித்த பந்து, அவன் முதுகுக்குப் பின்னால் உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே மூன்று நான்கு முறை எதிரணி ஆள் வந்து அவன் காலிலிருந்து பந்தைக் கொத்திக்கொண்டு போயிருந்தார்.

என் சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான். செம்மண் அப்பிய பனியனால் வாயைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினான். தறிச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. "செரிங்ணா."

இந்தத் தொடரில் என் பெருமைகளையே அதிகம் எழுதுகிறேன் என்று வீட்டில் ஒரு குறை இருக்கிறது. இந்த வாரம் அந்தக் குறை தீரும்.

இடத்தனும் வலத்தனும்

நான் ஆடிய காலத்தில் கால்பந்தில் சில சட்டங்கள் இருந்தன. வலது கால்காரன் வலது ஓரம், இடது கால்காரன் இடது ஓரம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை. நான் ரைட் பேக். கால் பலத்தைவிட வாய் பலம் அதிகம் என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

ஏரில் பூட்டும் மாட்டுக்கும் இப்படித்தான். இடத்தன் என்றும் வலத்தன் என்றும் பழக்கியிருப்பார்கள். மாற்றிக் கட்டினால் நுகம் கோணிக்கொள்ளும் என்று எங்கப்பா சொல்வார். அவர் கால்பந்து பார்த்தவரில்லை. ஆனாலும் எங்கள் டீமை அவரிடம் விட்டிருந்தால் என்னைவிட நன்றாக நடத்தியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

முழங்கால் போன பிறகு நான் ஆடுவதை நிறுத்தி, ஆட்டுவிக்க ஆரம்பித்தேன். எங்கள் டீமில் பாதிப்பேர் என் பட்டறை ஆட்கள். மீதிப்பேர் அதே தெருவில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுபவர்கள், ஃபவுண்டரியில் வேலை செய்பவர்கள். ஜெர்சி என் செலவு, வேன் என் செலவு. அதனால் யார் எங்கே நிற்பது என்பதும் என் இஷ்டமாகவே இருந்தது.

தங்கவேலுவுக்கு இடது கால். வெள்ளகோவிலில் இருந்து வேலைக்கு வந்த முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டோம். லெஃப்ட் அவுட்டில் நிறுத்தினால், கோட்டை ஒட்டியே ஓடி, கொடிக் கம்பத்தருகே போய், நடுவில் நிற்பவன் தலைக்கு அளந்தாற்போல் பந்தைத் தூக்கிப் போடுவான். பட்டறையில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மைதானத்தில் சிரிப்பான், கேலி பேசுவான், நாங்கள் கோல் போட்டால் எங்கள் கோல்கீப்பரின் முதுகில் ஏறிக்கொள்வான். வாரம் முழுக்க அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இருந்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவனை எடுத்து வலது ஓரத்தில் போட்டவன் நான்.

டீக்கடை மேஜையில் ஒரு வியூகம்

தொலைக்காட்சியில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்க்கிறேன் அல்லவா? அங்கே இப்போது எல்லாம் தலைகீழ். இடது கால்காரனை வலது ஓரத்தில் நிறுத்துகிறார்கள். அவன் கோட்டை விட்டுவிட்டு உள்ளே வெட்டி வருகிறான். வெட்டிய மாத்திரத்தில் பந்து பலமான காலில் இருக்கிறது, எதிரே கோல் இருக்கிறது. பேக் ஆடுபவருக்கு எந்தப் பக்கம் மறிப்பது என்றே புரிவதில்லை.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை வீங்கிவிட்டது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, காலி கிளாஸ்களை மேஜையில் பரப்பி, ஒரு தேங்காய் பன்னைக் கோலாக வைத்து, எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். இடது ஓரத்துக் கிளாஸைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தேன்.

"தங்கவேலு, இது நீ. இனிமே ரைட் அவுட்."

அவன் அந்தக் கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏனுங்ணா, நான் எப்பவும் போல அக்கட்டவே நின்னுக்கட்டுங்களா?"

"ஒண்ணு ரெண்டு மேட்ச் ஆடிப் பாருப்பா. அப்புறம் நீயே விட மாட்டே."

தன் கையிலிருந்த கிளாஸை இரண்டு முறை சுற்றினான். "ஆகட்டுங்ணா" என்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முடியாது என்பதை யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "வந்தர்லாங்க" என்பார்கள். நிலம் விலைக்குக் கேட்டுப் போனால் "பாக்கலாங்க" என்பார்கள். வரப்போவதில்லை, தரப்போவதில்லை என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். மோர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம், மனஸ்தாபமில்லை.

நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். வியாபாரத்தில் ஒருவர் "பாக்கலாங்க" என்றால் அடுத்த நிமிடம் கிளம்பச் செருப்பைத் தேடுவேன். ஆனால் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் "ஆகட்டுங்ணா" என்று சொன்னால் அதை முழுச் சம்மதமாகவே காதில் வாங்கிப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. பட்டறைக்குப் போர்டு மாட்டிய அன்றைக்கே வந்திருக்கலாம்.

கணபதி மைதானத்தில் இரண்டு ஆட்டம் ரைட் அவுட்டில் ஆடினான். மோசமில்லை. கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். புது இடம், பழகுகிறான் என்று நினைத்தேன். கூட்டாளிகள் "வேலூ!" என்று கூப்பிட்டுப் பந்தைத் தள்ளினார்கள், இவனும் குரல் வந்த பக்கம் திரும்பி வாங்கிக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்தில் உள்ளே வெட்டி வந்து ஒரு கோலும் போட்டான். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்டம்தான் பல்லடம். தறிச் சத்தம். யார் கூப்பிட்டாலும் காதில் விழாத மைதானம்.

எதிரணி ஆள் சொன்னது

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். வேனில் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது எதிரணியின் லெஃப்ட் பேக் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தறி ஓட்டுபவர்போல, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆட்டம் முழுக்கத் தங்கவேலுவிடமிருந்து பந்தைப் பறித்தவர் இவர்தான்.

"ஏனுங்ணா, ஒரு நிமிசங்க. உங்க ரைட் அவுட் ஆடுனாருங்களே, அவருக்கு ஒரட்டாங்கைப் பக்கத்துக் கண்ணு தெரியாதுங்களா?"

"இடது கண்ணா? அதெல்லாம் நல்லாத் தெரியுமே, ஏன்?"

"இல்லீங்ணா. அந்தப் பக்கமா வந்தா நான் வர்றதே அவருக்குத் தெரியலீங்க. மொத இருவது நிமிசத்துலயே புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அக்கட்ட இருந்தே வந்து வந்து எடுத்துட்டனுங்க." தலையைச் சொறிந்துகொண்டார். "ஜெயிச்சும் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. அவருகிட்டச் சொல்லிப்போடுங்க, தப்பா நினைச்சுக்க வேண்டாம்னு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வேன் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

வேனுக்குள் தங்கவேலு கடைசி வரிசையில், இடது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எப்போதும் அவன் உட்காரும் இடம். அங்கிருந்து பார்த்தால் வேன் முழுக்க அவனுக்கு வலப்பக்கம் இருக்கும். காற்றுக்காக உட்காருகிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்தத் துணுக்கு

அதற்கு ஆறு வருடம் முன்பு நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும்.

லேத்தில் கடையும்போது தெறித்த ஓர் இரும்புத் துணுக்கு தங்கவேலுவின் இடது கண்ணில் பட்டது. எள்ளைவிடச் சிறியது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைய வேண்டும் என்பது முறை. அந்தக் கண்ணாடி என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தூசு படிந்து தொங்கியது. அவனிடம் அதை எடுத்துப் போடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

தெருமுனை டாக்டர் துணுக்கை எடுத்து, மருந்து விட்டு, கட்டுப் போட்டார். பெரிய கண்ணாஸ்பத்திரியில் உடனே காட்டிவிடுங்கள் என்று என்னிடம்தான் சொன்னார். அந்த வாரம் லோடு ஒன்று ஏற வேண்டியிருந்தது. "இந்த லோடு போனதும் போய்க் காட்டிக்கப்பா" என்றேன். லோடு போயிற்று. அடுத்த லோடு வந்தது.

பிறகு ஒரு நாள், ஷாஃப்ட்டை அளந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டேன்.

"கண்ணு செரியாப் போச்சா?"

"செரியாப் போச்சுங்ணா."

முடிந்தது. ஆறு வருடத்தில் அதைப் பற்றி நான் கேட்ட ஒரே கேள்வி அது. அதையும் அவன் வாயில் பதிலை ஊட்டிவிட்டே கேட்டிருக்கிறேன்.

பல்லடத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் பட்டறைக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். தங்கவேலுவின் லேத்துக்கு முன்னால் அவன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். சில வருடம் முன்பு, மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தான். ஃபேன் காற்றுக்காக என்று நான் நினைத்துக்கொண்டு சரி என்றிருந்தேன். இப்போது அங்கே நின்றால் வாசல், என் மேஜை, மற்ற மெஷின்கள், நடமாடும் ஆட்கள் எல்லாமே வலது கைப் பக்கம். இடது கைப் பக்கம் வெறும் சுவர்.

லெஃப்ட் அவுட்டிலும் அப்படித்தானே? இடது பக்கம் கோடு மட்டும். மைதானம் முழுக்க வலது பக்கம். இடது கால்காரன் இடது ஓரத்தில் நிற்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அந்த ஓரத்தில் அவன் முழு ஆளாக நின்றான். அதைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன். தேங்காய் பன்னை வைத்துப் பாடம் எடுத்துப் பிடுங்கியிருக்கிறேன்.

எட்டரைக்குத் தங்கவேலு வந்தான். நான் அவன் இடத்தில் நிற்பதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கண்ணு எவ்வளவு தெரியுது?" என்றேன்.

"வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு தெரியுங்ணா."

"ஏம்பா சொல்லல?"

"நீங்க செரியாப் போச்சான்னு கேட்டீங்க, ஆமாங்கன்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலீங்க." பிறகு அவசரமாகச் சொன்னான். "ஒரு ஷாஃப்ட் கூட அளவு தப்பினதில்லீங்ணா. மெஷின்ல இருந்து மட்டும் எறக்கிப்போடாதீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று வாசலுக்குப் போய் நின்றேன். அவன் அதுவரை பயந்துகொண்டிருந்தது கண்ணைப் பற்றியல்ல, என்னைப் பற்றி.

அந்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவன் மனைவி செல்வியும் வந்தாள். உனக்குத் தெரியுமா அம்மணி என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்ணா. உங்ககிட்டத்தான் சொல்ல வேண்டாம்னுட்டாரு" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்து பட்டறையில் எல்லா மெஷினுக்கும் தடுப்பு போட்டேன். எல்லோருக்கும் புதுக் கண்ணாடி. தங்கவேலு அவன் மெஷினிலேயே இருந்தான். இதோடு நிறுத்தியிருந்தால் நான் பாதி மனிதனாகவாவது ஆகியிருப்பேன்.

பாரத்தை இறக்கினேன்

அடுத்த ஞாயிறு காலை, கணபதி மைதானத்தில் டீமை வட்டமாக நிறுத்தினேன். தங்கவேலுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். துணுக்கு, லோடு, என் கேள்வி, அவன் பதில், இத்தனை வருடம் ஒற்றைக் கண்ணோடு ஆடியது. "நான் பண்ணுனது பாவம்" என்று எல்லோர் முன்னாலும் அவனைக் கும்பிட்டேன். எங்கள் கோல்கீப்பர் அழுதுவிட்டான். ஒவ்வொருவராக வந்து தங்கவேலுவின் தோளைத் தட்டினார்கள்.

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். என் நெஞ்சு லேசாகிவிட்ட சந்தோஷத்தில் நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவனை மறுபடி லெஃப்ட் அவுட்டில் போட்டேன். சூலூரிலிருந்து வந்த டீம் எதிரணி. ஆட்டத்துக்கு முன் இரண்டு டீமும் ஒரே கடையில்தான் டீ குடித்தோம், செய்தி போக எவ்வளவு நேரமாகும்?

எங்கள் ஆட்கள் அவனுக்குப் பந்தை மெதுவாக, குழந்தைக்குத் தள்ளுவதுபோல் தள்ளினார்கள். அவன் பந்தோடு ஓடினால் சூலூர் ரைட் பேக் கூடவே ஓடினார், கால் வைக்கவில்லை. ஒரு கட்டத்தில் தங்கவேலு நின்றுவிட்டான். பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

"வாங்க. வந்து எடுங்க."

அவர் இரண்டடி தள்ளியே நின்றார். "நீங்க ஆடுங்ணா, பரவால்ல" என்றார்.

தங்கவேலு பந்தைத் தானே கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். ஆட்டம் முடியும்வரை நடந்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவன் மெஷினுக்குப் போனேன். அவன் வலப்பக்கமாகப் போய் நின்றேன். அதையாவது கற்றுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆறரைக்கு வந்தர்ப்பா. லெஃப்ட் அவுட்தான். இனி எப்பவும் மாத்த மாட்டேன்."

லேத்தை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்தான்.

"நான் வரலீங்ணா."

"உடம்பு செரியில்லையா?"

"நல்லா இருக்குதுங்க. இனி ஆட மாட்டனுங்ணா." கண்ணாடியை மெஷின் மேல் வைத்தான். "பல்லடத்துக்காரரு எங்கிட்ட இருந்து பந்தப் புடுங்குனாரு பாருங்க, அது ஆட்டமுங்க. போன வாரம் எல்லாருமா வழி உட்டாங்க. அது ஆட்டமில்லீங்ணா. நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

ஒன்பது வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் மறுப்பு அது. பாக்கலாங்க இல்லை, ஆகட்டுங்ணா இல்லை.

கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். டீம் உன்னை நம்பித்தான் இருக்கிறது என்று சொல்லலாம். "ஒண்ணு ரெண்டு மேட்ச் ஆடிப் பாருப்பா" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் சொன்னால் வந்துவிடுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் நல்ல கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆகட்டும், தங்கவேலு" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்வது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.